தரிசு என்று எழுதிய புல்வெளி

நம்மூருக்கு முதன்முதலாக வருகிறவர்கள் ஸ்டேஷனில் இறங்கி, பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு, மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மலை எங்கே சார்?" திருமுதுகுன்றம் என்று தேவாரக் காலத்திலேயே பெயர். விருத்தாசலம் என்றாலும் அதே பொருள்தான், பழைய மலை. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. அண்ணாமலைக்கும் முந்திய மலை இது, பூமிக்குள் அழுந்திவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் சங்கிலி பிடித்து நிலம் அளந்து பிழைத்தவன். என் கணக்கில் இது, பெயர் படத்தில் இருக்கிறது, பொருள் தரையில் இல்லை என்ற வகை.

இந்த வகைக்கு இன்னொரு உதாரணம் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அது மலையைப் பற்றியதும்தான், ஆட்டைப் பற்றியதும்தான்.

போன மாதம் கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் போனில் பேசினான். காரில் போகும்போது சாலையோரம் ஒரு மஞ்சள் பலகையில் கொம்பு வைத்த பெரிய மிருகம் வரைந்திருக்கும், அதுதான் மூஸ் என்றான். மான் இனத்திலேயே மிகப் பெரியது. நன்றாக வளர்ந்த ஆண் 500 கிலோவையும் தாண்டும்.

"குளிர்காலத்துல பனி மூடியிருக்கும்போது விமானத்துல பறந்து எண்ணுவாங்க மாமா. வெள்ளைத் தரையில கருப்பா நல்லாத் தெரியும். எந்தப் பக்கம் அதுக்குத் தீனி இருக்கு, எங்கே சதுப்பு இருக்குன்னு மேப் போட்டு வெச்சிருக்காங்க. அதை வெச்சுத்தான் எத்தனை வேட்டையாடலாம்னு முடிவு பண்ணுவாங்க. நம்ம ஊர்ல இந்த மாதிரி ஏதாவது உண்டா?"

"ஏன்டா இல்லாம? வரையாடுன்னு கேள்விப்பட்டிருக்கியா?" என்றேன்.

"நம்ம ஸ்டேட் அனிமல்தானே? அது ஆடா மானா மாமா?"

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. சர்வேயராக இருந்தவனுக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றும் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். வரை என்றால் மலை, செங்குத்தான பாறை. வரை என்றால் எல்லை. வரை என்றால் படம் தீட்டு. என் தொழிலுக்குரிய மூன்று பொருளும் ஒரே சொல்லில். அந்தச் சொல்லைத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிற விலங்கு இது. பழந்தமிழில் வருடை என்றும் பெயர். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவனைப் பார்க்க வந்த மலைவாழ் மக்கள் கொண்டுவந்த காணிக்கைப் பட்டியலில் வருடையும் இருக்கிறது. ஆக, நம்மவர்களுக்கு இது புதிய விலங்கு அல்ல.

வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்தபோது இதை நீலகிரி ஐபெக்ஸ் என்றார்கள். 1838-இல் ஓகில்பி என்பவர் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். இமயமலையில் உள்ள தார் என்னும் காட்டாட்டுக்கு உறவு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுவை ஆராய்ந்தபோது, இது இமயமலைக்காரருக்கு நெருங்கிய சொந்தமே அல்ல, செம்மறி இனத்துக்குத்தான் பக்கம் என்று தெரிந்து, நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். உலகத்தில் அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்குள் மட்டும்தான்.

முதிர்ந்த கிடா 100 கிலோ வரை வரும். கருமை படர்ந்த உடம்பில், முதுகில் மட்டும் சேணம் போட்ட மாதிரி வெள்ளி நிறம். பெட்டைகளும் குட்டிகளும் சாம்பல் கலந்த பழுப்பு. இதற்கு வேண்டியது இரண்டே இரண்டு. மேய்வதற்கு உயரமான புல்வெளி. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடி ஒட்டிக்கொள்ள, பக்கத்திலேயே செங்குத்தான பாறை. புல் இருந்து பாறை இல்லையென்றால் பிழைக்காது. பாறை இருந்து புல் இல்லையென்றாலும் பிழைக்காது. அடர்ந்த காட்டுக்குள் அது போகாது. ஆகவே வரையாட்டின் வாழிடம் என்பது மலையெல்லாம் பரந்து கிடப்பதல்ல. மலைமேல் தீவு தீவாக இருப்பது.

இந்தத் தீவுகளைப் படத்தில் எப்படிக் குறித்தார்கள் என்பதுதான் கதை.

நீலகிரியை முறையாக அளந்தவர் கேப்டன் பி.எஸ். வார்டு. 1821. அதற்கு 19 வருஷம் முன்னால் 1802-இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவையின் காலம் அது. வார்டு பழனி மலைகளையும் அளந்தார். உச்சியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, பள்ளங்களில் மட்டும் கறுத்த சோலைக்காடு, மற்ற மேடெல்லாம் புல். சோலைக்கு மரம் என்ற மதிப்பு இருந்தது. புல்லுக்கு? தோடர்களின் எருமை மேய்கிறது, அவ்வளவுதான். நிலவரிக் கணக்குப் போடுகிறவர்களின் பார்வையில், உழாத நிலம், மரம் இல்லாத நிலம் எல்லாம் ஒரே சொல்லில் அடங்கும்: தரிசு.

தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். இதில் என்ன நடலாம்? ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரங்களும் தைல மரமும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே நீலகிரிக்கு வந்தன. முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டைக்கு, ரேயான் கூழுக்கு என்று ஏக்கர் ஏக்கராகப் புல்வெளியில் நட்டார்கள். பைன் மரமும் வந்தது. தேயிலை ஒருபுறம், அணைகளின் நீர்த்தேக்கம் மறுபுறம். யாரும் காட்டை அழித்ததாக நினைக்கவில்லை. வெறும் நிலத்தைப் பச்சையாக்கினோம் என்றுதான் நினைத்தார்கள்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

80-களில் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. நம் வட்டாரத்திலேயே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். செம்மண் மேடு, நடுவில் பெரிய புல் தரை. சங்கிலி ஆளையும் கொடிக்கம்பு பிடிப்பவரையும் வைத்துக்கொண்டு, ஜி லைன் போட்டு அளந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்னா சார் எழுதுறீங்க?"

"தரிசுன்னு எழுதறேன் பெரியவரே."

"தரிசா? எங்க ஆடு நாலு தலமொறையா இதைத் தின்னுட்டுத்தானே இருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். சங்கிலி ஆளும் சிரித்தார். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. கணக்கில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். ஐந்தாறு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அந்த மேடு முழுக்கத் தைல மரம் நின்றது. கீழே ஒரு புல் இல்லை. ஆடும் இல்லை. யாரும் தப்பாக ஒன்றும் செய்துவிடவில்லை. தரிசில் மரம் நட்டார்கள். தரிசு என்று எழுதியவன் நான்.

ஆகவே மலைமேல் நடந்ததை நான் அந்நியன் கதையாகப் படிக்க முடியாது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். வரையாட்டை முதலில் எண்ணியவர்கள் அதைச் சுட்டவர்கள்தான். கனடாவில் மூஸ் கணக்கு வேட்டைக்காகப் போடப்படுகிறது என்று மருமகன் சொன்னானே, நீலகிரியிலும் அப்படித்தான் ஆரம்பம். 1877-இல் உதகையில் வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வகைதொகையில்லாமல் சுட்டால் அடுத்த வருஷம் சுட ஒன்றும் இருக்காது என்ற கவலை. வேட்டைக்கு உரிமம், ஒரு பருவத்துக்குத் தடை, பெட்டையைச் சுடக்கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. காரணம் எதுவானாலும் விலங்குக்கு நன்மைதான். அந்தச் சங்கமே பிற்காலத்தில் நீலகிரி வனவிலங்குச் சங்கமாக மாறியது.

மூணாறு பக்கம் இன்னொரு கதை. இரவிகுளம் மேட்டுநிலம் தேயிலைக் கம்பெனியின் வசம் இருந்தது. துரைமார்களின் வேட்டைக்காடு. அதைக் காவல் காத்தவர்கள் முதுவர் பழங்குடி மக்கள். மேட்டில் தேயிலை போடவில்லை, வெளியாள் உள்ளே வர முடியவில்லை. புல் பிழைத்தது, வரையாடும் பிழைத்தது. 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டு அந்த நிலங்களை மீட்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இன்று உலகத்திலேயே வரையாடு அதிகம் கூடி வாழும் இடம் அதுதான்.

நம் பக்கத்தில் இந்தக் கதையின் நாயகர் ஒரு வக்கீல். குன்னூரில் தொழில் பார்த்த இ.ஆர்.சி. டேவிதார். இளமையில் துப்பாக்கி பிடித்தவர், பிறகு நோட்டுப் புத்தகம் பிடித்தவர். 1963-இல் நீலகிரியில் வரையாடு எத்தனை மிச்சம் என்று தேடிப் பார்த்தார். 1970-ஐ ஒட்டி, ஜார்ஜ் ஷாலர் என்ற பெயர்பெற்ற அமெரிக்க விலங்கியலாளர் இங்கே வந்து மலைகளில் சுற்றி, மொத்தமே 1,500-க்குள்தான் இருக்கும் என்று எழுதினார். டேவிதாருக்கு அது போதவில்லை. 1975-இல் தொடங்கி, வரையாடு இருக்கக்கூடும் என்று கேள்விப்பட்ட மலைகளுக்கெல்லாம் போனார். நீலகிரி, ஆனைமலை, பழனி, ஏலமலை, தெற்கே களக்காடு, அகத்தியமலை. சாலை முடிகிற இடத்திலிருந்து நடை. மலைமக்களிடமும் வனக்காவலர்களிடமும் விசாரிப்பது, மேட்டில் காத்துக் கிடப்பது, மேகம் விலகும்போது தொலைநோக்கியில் எண்ணுவது. அவர் 1978-இல் வெளியிட்ட கணக்கு ஏறத்தாழ 2,200.

இந்த எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் போட்ட பட்டியல். எந்த மலையில் எந்தக் கூட்டம், எதற்கும் எதற்கும் நடுவே தொடர்பு அறுந்திருக்கிறது என்று இடம் இடமாகக் குறித்தார். அதுதான் வரையாட்டுக்குப் போடப்பட்ட முதல் புலப்படம். இன்றைக்கு ஆய்வுக்குப் போகிறவர்களும், டேவிதார் பார்த்த இடத்தில் இப்போது இருக்கிறதா இல்லையா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அவர் பிறந்தநாளான அக்டோபர் 7-ஐ வரையாடு தினம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது.

1972-இல் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வரையாடு முதல் அட்டவணையில் ஏறியது. வேட்டை சட்டப்படி முடிந்தது. மற்றொன்று அமெரிக்காவில். லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள் ஜூலை மாதம் மேலே போய், பூமியை வரிசையாகப் படமெடுக்கத் தொடங்கியது. 1988-இல் நம் நாட்டு ஐ.ஆர்.எஸ். 1-ஏ போனது. அப்போது இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சம்பந்தம் வெகுநாள் கழித்துத் தெரிந்தது. செயற்கைக்கோள் படத்தின் நன்மை என்னவென்றால் பழசு அழியாமல் இருக்கும். 1973-இல் எடுத்த படத்தையும் 2014-இல் எடுத்த படத்தையும் ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழனி மலையை ஒப்பிட்டார்கள். 2018-இல் முடிவு வெளியானது. 40 வருஷத்தில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பெரும்பாலும் மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும். தோட்டம் போட்டதோடு நிற்கவில்லை. சீகை விதை தானாகப் பரவி, நடாத இடத்தையும் பிடித்துக்கொண்டது. காட்டின் பரப்பை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பச்சை கூடியிருக்கிறது. வரையாட்டின் கண்ணுக்கு வீடு போய்விட்டது.

இன்று வாழிடப் படம் எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சர்வே பாஷையில் சொல்கிறேன். முதல் தாள், உயரம். இரண்டாம் தாள், சரிவு. எங்கே பாறை செங்குத்தாக இறங்குகிறது என்பது. மூன்றாம் தாள், புல்வெளி, செயற்கைக்கோள் படத்திலிருந்து. நான்காம் தாள், சாலை, தோட்டம், மின்கம்பி, ஆள் நடமாட்டம். நாலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், இங்கே வரையாடு இருக்கலாம் என்ற இடங்கள் மிஞ்சும். பழைய நாளில் டிரேசிங் தாளில் நாங்கள் செய்ததுதான். இப்போது கணினி செய்கிறது. ஆனால் இருக்கலாம் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. அதைத் தெரிந்துகொள்ள மனுஷன் நடந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, அதற்கு மாற்று இல்லை.

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாடு காப்புத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. 2023 அக்டோபரில் அது தொடங்கியது. முதல் வேலை, எல்லா மலையிலும் ஒரே நாளில் எண்ணுவது. ஏன் ஒரே நாள்? ஆட்டுக்கு மாநில எல்லை தெரியாது. இன்று வால்பாறைக்கு மேலே புல்மலையில் நிற்பது நாளைக்கு இரவிகுளத்தில் நிற்கும். வேறு வேறு வாரத்தில் எண்ணினால் ஒரே ஆட்டை இரண்டு தடவை எழுதுவோம், அல்லது இரண்டு தடவையும் விட்டுவிடுவோம்.

எண்ணும் முறை இரண்டு. நம்மூர்க்காரர்களுக்குப் பீங்கானை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

சூளையிலிருந்து இறக்கிய இன்சுலேட்டர்களில் விரிசல் பார்க்க இரண்டு பேரை விடுகிறோம் என்று வையுங்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியக்கூடாது. முதலாமவர் 20 விரிசல் பிடித்தார். இரண்டாமவர் 18. ஒப்பிட்டுப் பார்த்தால் இருவரும் பிடித்தவை 15. அப்படியானால் இரண்டாமவர் பிடித்த 18-இல் 15-ஐ முதலாமவர் பிடித்திருக்கிறார், ஆறுக்கு ஐந்து. அவர் எல்லாவற்றிலும் ஆறுக்கு ஐந்துதான் பிடித்திருப்பார் என்று கொண்டால், அவர் பிடித்த 20 என்பது 24-இல் ஆறுக்கு ஐந்து. ஆக மொத்த விரிசல் 24 இருக்க வேண்டும். இருவர் கையிலும் சேர்ந்து வந்தது 23. யார் கண்ணிலும் படாத ஒன்று இன்னும் அடுக்கில் இருக்கிறது. வரையாட்டிலும் இதேதான். இரண்டு குழு, கொஞ்ச நேரம் விட்டு, ஒரே பாதையில் போய் மந்தைகளைக் குறிக்கும். இது இரட்டைப் பார்வையாளர் முறை.

இன்னொன்று, ஒரே இடத்தைப் பல தடவை எண்ணுவது. ஒரு நாள் 40, மறுநாள் 46, அடுத்த நாள் 44 என்றால், 46-க்குக் குறையாது என்பது நிச்சயம். மிகப் பெரிய எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் 2. அதையும் கூட்டி 48 என்று மதிப்பிடுவார்கள். மேகம் மூடுகிற மலையில் நேர்மையாகப் போடக்கூடிய கணக்கு இவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை தமிழ்நாட்டில் 140 இடங்களில் எண்ணினார்கள். 1,031. 2025 ஏப்ரல் இறுதியில் கேரளமும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் 177 இடங்கள், 1,303. கேரளத்தில் 1,365, அதில் இரவிகுளத்தில் மட்டும் 841. இரண்டு மாநிலமும் சேர்த்து 2,668.

பத்திரிகைகள் ஒரே வருஷத்தில் 272 கூடிவிட்டது என்று எழுதின. சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் பிள்ளையின் புத்தி சும்மா இருக்காதே. 140 இடத்தில் தேடியபோது 1,031. 177 இடத்தில் தேடியபோது 1,303. ஆடும் கொஞ்சம் கூடியிருக்கலாம். தேடிய இடமும் கூடியிருக்கிறது. அதேபோல, 2015-இல் உலக வனவிலங்கு நிதியம் வெளியிட்ட மதிப்பீடு 3,122. அதைவிட இப்போது குறைந்துவிட்டதே என்று ஒருவர் அழலாம். டேவிதார் காலத்து 2,200-ஐவிடக் கூடியிருக்கிறதே என்று இன்னொருவர் சிரிக்கலாம். இரண்டும் சரியில்லை. 66 அடிச் சங்கிலியில் அளந்த நிலத்தையும் 20 மீட்டர் சங்கிலியில் அளந்த நிலத்தையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் வரப்புச் சண்டைதான் வரும். நம்மில் எத்தனை பேர் அப்படிக் கோர்ட்டு வரை போனோம்! ஒரே சங்கிலியால், ஒரே இடத்தில், வருஷா வருஷம் அளக்க வேண்டும். அப்போதுதான் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். அமெரிக்காவில் ஐல் ராயல் என்ற ஏரித் தீவில் 1958-இலிருந்து மூஸையும் ஓநாயையும் விடாமல் எண்ணிவருகிறார்கள். அந்த எண்களுக்கு மரியாதை வந்தது விடாமல் எண்ணியதால்தான். நமக்கு இப்போதுதான் முதல் இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இதில் கசப்பும் உண்டு. ஆட்டின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டினால் எந்தப் பாதையில் போகிறது, எங்கே குட்டி போடுகிறது என்பது படத்தில் விழும். 2023 டிசம்பரில் முக்கூர்த்தியில் அதற்காக மயக்க ஊசி போட்ட ஒரு பெட்டை இறந்துபோனது. சினையாக இருந்தது என்று செய்தியில் படித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காப்பதற்காக அளக்கிறோம், அளப்பதும் ஒரு பாரம்தான். இருந்தும் அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழனி மலைப் படம் சாட்சி. அங்கே எந்த ஆட்டையும் யாரும் தொடவில்லை. 40 வருஷம் பார்க்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. மேல்பவானிப் பக்கம் அந்நிய மரங்களை எடுத்துவிட்டுப் பழைய புல்லைத் திரும்பக் கொண்டுவருவது. மரத்தை வெட்டிப் புல்லை வளர்ப்பதா என்று கேட்டால் ஊரில் சண்டைக்கு வருவார்கள். சின்ன வயதிலிருந்து மரம் நடு என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் அந்த மேட்டில் பெய்யும் மழையை வாங்கி ஓடையாக விடுவது சோலையும் புல்லும் சேர்ந்துதான். பவானியின் தொடக்கமே அந்தப் பக்கம். அந்தத் தண்ணீர் ஈரோட்டில் வயலுக்குப் போகிறது, பிறகு காவிரியில் சேர்ந்து நம் மாவட்டத்து வடிநிலம் வரை பேர் சொல்கிறது. வரையாட்டின் வீடு நம் நீர்த்தொட்டியும்கூட.

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்காரியோடு மூணாறு போனபோது ராஜமலைக்குப் போனேன். பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். நாங்கள் போனது ஏப்ரல். வனத்துறை பஸ்ஸில் ஏறி இறங்கினால், சாலை ஓரத்தில் பத்தடி தூரத்தில் ஒரு பெட்டையும் குட்டியும். "இவ்வளவு தூரம் வந்தது ஆடு பாக்கவா? நம்ம தெருவுல இல்லாத ஆடா?" என்றாள் அவள். பிறகு அவளே அரைமணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. அந்தக் குட்டி செங்குத்துப் பாறையில் விளையாட்டாக இறங்கிப் போனதைப் பார்த்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பொன்முடி மலைப் பகுதியில் வரையாட்டு முடி, வரையாட்டு மொட்டை என்று உச்சிகளுக்கே பெயர். அங்கே இன்னும் கொஞ்சம் வரையாடு இருக்கிறது. இருக்கும்வரை அது பெயர். இல்லாமல் போனால், நம் முதுகுன்றம் மாதிரி, வருகிறவர்கள் கேட்பார்கள்: ஆடு எங்கே சார்? நம் மலை மண்ணுக்குள் போனதற்குப் புராணம் இருக்கிறது. ஆடு போனால் சொல்லப் புராணம் கிடையாது. யாரோ ஒருவன் எழுதிய கணக்கு மட்டும்தான் இருக்கும்.

மருமகனுக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு நாள் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவர் ஊருக்கு அப்புறம் போனீங்களா மாமா?" என்றான். போனேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்துக்கு. தைல மரத்தை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து நின்றது. ஓரத்தில் கொஞ்சம் புல் தலைகாட்டியிருந்தது. அதில் நாலைந்து ஆடு மேய்ந்தது. ஒரு சின்னப் பையன் போனைப் பார்த்துக்கொண்டே காவல் இருந்தான். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்தில் அது இன்னும் தரிசுதான். அதைத் திருத்தும் அதிகாரம் இப்போது எனக்கு இல்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: அது புல்வெளி.